பாட்டு முதலில் வந்தது, வீடு பிறகு வந்தது: யார் ஒதுங்க வேண்டும்?

கேள்வி இதுதான். நகர மையத்தில் இருபது வருடமாக ஓடிக்கொண்டிருக்கும் ஒரு சின்ன இசைக்கூடம். பக்கத்து மனையில் முப்பது மாடிக்கு மேல் குடியிருப்புக் கட்ட அனுமதி கேட்டு விண்ணப்பம் போயிருக்கிறது. இன்னும் அடித்தளம் தோண்டவில்லை. "நாங்கள்தானே முதலில் வந்தோம்? ராத்திரி பாட்டுக் கேட்கும் என்று தெரிந்தே வீடு வாங்குகிறவர் அப்புறம் எப்படிப் புகார் கொடுக்க முடியும்? கோபுரமும் கூடமும் சேர்ந்து இருக்க வழி உண்டா?"

கட்டட ஒலியியல் என் தொழில். கட்டுகிறவர்களுக்கும் வேலை பார்த்திருக்கிறேன், பாடுகிறவர்களுக்கும் வேலை பார்த்திருக்கிறேன். அதனால் இரண்டு பக்கமும் கொஞ்சம் கசப்பாகவே பேசுவேன்.

வழி உண்டு. ஆனால் உங்களுக்கு இருக்கும் அவகாசம் அந்த விண்ணப்பம் மேஜையில் கிடக்கும் காலம்தான். அனுமதி கையெழுத்தாகி, கோபுரம் எழுந்து, ஆட்கள் குடியேறிய பிறகு நடப்பதெல்லாம் சேதத்தைக் குறைக்கும் வேலை.

முதலில் அந்த "நாங்கள்தானே முதலில்" வாதத்தை எடுத்துக்கொள்வோம். கேட்க நியாயமாக இருக்கிறது. ஆங்கிலேயச் சட்ட மரபில் வளர்ந்த நாடுகளில் அது பெரிதாக எடுபடாது. இதற்கு 1879-ல் லண்டனில் முடிந்த ஒரு பழைய வழக்கு இருக்கிறது. ஒரு மிட்டாய்க்காரர் தன் கடைக்குப் பின்னால் உரலில் இடித்துக்கொண்டிருந்தார். இருபது வருடத்துக்கு மேல் இடித்தார், ஒருவரும் எதுவும் சொல்லவில்லை. பக்கத்து வீட்டுக்கு ஒரு மருத்துவர் குடிவந்தார். சில வருடம் கழித்துத் தன் தோட்டத்தின் கோடியில், மிட்டாய்க்காரரின் சுவரை ஒட்டி, நோயாளிகளைப் பார்க்க ஓர் அறை கட்டினார். உள்ளே உட்கார்ந்து நோயாளியின் மார்பில் காது வைத்தால் உரல் சத்தம். வழக்குப் போட்டார், ஜெயித்தார். இருபது வருடம் தடையில்லாமல் அனுபவித்ததால் அது என் உரிமை என்று மிட்டாய்க்காரர் வாதிட்டபோது, நீதிமன்றம் சொன்னது: தொந்தரவு தொடங்கியதே அந்த அறை கட்டப்பட்ட நாளில்தான், அதற்கு முன் இருந்த வருடங்கள் கணக்கில் வராது.

உங்கள் நிலைமை அச்சு அசல் இதேதான். இருபது வருடமாகப் பக்கத்து மனையில் வண்டி நிறுத்தம் இருந்தது. கார்களுக்குக் காது இல்லை. 2014-ல் பிரிட்டனின் உச்ச நீதிமன்றம் ஒரு மோட்டார் பந்தய மைதான வழக்கில் இதைக் கொஞ்சம் தளர்த்தியது. தொந்தரவு இருக்கும் இடத்துக்குத் தெரிந்தே வந்தார் என்பது தப்பிக்கும் வழி ஆகாது, ஆனால் வந்தவர் அதற்குப் பிறகு புதிதாகக் கட்டியதாலோ பயன்பாட்டை மாற்றியதாலோதான் தொந்தரவு உண்டானது என்றால் அதைக் கணக்கில் எடுக்கலாம் என்றது. தளர்வுதான், கேடயம் இல்லை. இதை நம்பி யாரும் வழக்குச் செலவில் இறங்க வேண்டாம்.

நீதிமன்றத்தில் கிடைக்காததை, எங்கே என்ன கட்டலாம் என்று சொல்லும் நகரத் திட்ட விதிகளில் வாங்கப் பார்த்ததுதான் கடந்த பத்துப் பன்னிரண்டு வருடக் கதை. ஏஜென்ட் ஆஃப் சேஞ்ச் என்று அதற்குப் பெயர். மாற்றத்தைக் கொண்டுவருகிறவர்தான் அதன் விளைவுக்குப் பொறுப்பு என்று அர்த்தம். இசைக்கூடத்தின் பக்கத்தில் வீடு கட்டினால் ஒலித்தடுப்புச் செலவு கட்டுகிறவருடையது. வீடுகளுக்கு நடுவே புதிதாக இசைக்கூடம் திறந்தால் செலவு கூடத்துடையது. பின்பாதியை நம் ஆட்கள் மேடையில் சொல்ல மறந்துவிடுவார்கள். ஆஸ்திரேலியாவின் விக்டோரியா மாநிலம் 2014-ல் இதைத் திட்ட விதியாகவே எழுதியது. நேரடி இசை நடக்கும் இடத்திலிருந்து 50 மீட்டருக்குள் வீடு வந்தால் அது பொருந்தும். சான் பிரான்சிஸ்கோ 2015-ல் 300 அடி என்று வைத்தது. அங்கே கட்டுநர் முதலில் கேளிக்கைகளுக்கான ஆணையத்தின் முன் வர வேண்டும், வீட்டுக்கு வருகிறவரிடம் பக்கத்தில் என்ன இருக்கிறது என்பதை எழுத்தில் தெரிவிக்க வேண்டும். இங்கிலாந்து 2018-ல் தன் தேசியத் திட்டக் கொள்கையில் இதைச் சேர்த்தது.

இதற்கெல்லாம் முன்னுதாரணமாகப் பலரும் காட்டுவது லண்டனின் மினிஸ்ட்ரி ஆஃப் சவுண்ட். 1991-லிருந்து நடக்கும் கிளப். எதிரே 41 மாடிக் கோபுரம் வருகிறது என்றதும் வருடக்கணக்கில் எதிர்த்தார்கள். 2013-14 வாக்கில் ஓர் உடன்பாடு வந்தது, கோபுரத்துக்கும் அனுமதி கிடைத்தது. அந்த உடன்பாட்டில் எனக்கு மிகவும் பிடித்தது கண்ணாடியின் தடிமன் இல்லை, பத்திரம். கிளப் இப்போது எழுப்பும் அளவுக்கு ஒலி எழுப்பும் உரிமையை, எதிர்மனை மீதான ஈஸ்மெண்ட் பாத்தியமாக எழுதி வாங்கிவிட்டார்கள். வழிப்பாதை பாத்தியம், தண்ணீர் போகும் பாத்தியம் மாதிரி, இது ஒலி போகும் பாத்தியம். வீடு கை மாறினாலும் பாத்தியம் மாறாது. பத்தாவது வருடம் வாங்குகிற மூன்றாவது சொந்தக்காரரையும் அது கட்டும். விதி மாறலாம், ஆட்சி மாறலாம்; பத்திரம் மனையோடு ஓடும். உங்கள் வழக்கறிஞரிடம் ஒரே ஒரு விஷயம் கேட்க முடியுமென்றால் இதைக் கேளுங்கள்.

சரி, விதி இருக்கிறது, பத்திரமும் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். ராத்திரி ஒரு மணிக்குப் படுக்கையறையில் என்ன கேட்கும்?

இங்கேதான் பெரும்பாலான ஏற்பாடுகள் கோட்டை விடுகின்றன. ஒலி அறிக்கைகளில் டெசிபலுக்குப் பக்கத்தில் ஏ என்ற எழுத்து வரும். மனிதக் காது தாழ்ந்த சுருதிகளை மட்டாகக் கேட்கிறது என்பதற்காக அந்த அளவை அவற்றைக் கழித்துக் காட்டும். 63 ஹெர்ட்ஸ் என்ற தாழ்ந்த சுருதியில் மட்டும் 26 டெசிபல் கழிந்துவிடும். சாலைப் போக்குவரத்துக்கு அது பொருந்தும். ஆனால் சுவர் தாண்டிப் படுக்கைக்கு வருவது பாடகரின் குரல் இல்லை, கித்தாரும் இல்லை. அவை சுவரிலேயே செத்துவிடும். வருவது பேஸ் எனும் தாழ்ந்த சுருதியும், காலால் அடிக்கும் பெரிய கிக் டிரம்மும்தான், அதாவது அந்த அளவை கழித்துத் தள்ளும் அதே பகுதி. அறிக்கை "வரம்புக்குள் இருக்கிறது" என்கிறது. குடியிருப்பவர் "தலையணைக்குள் யாரோ குத்துகிறார்கள்" என்கிறார். இரண்டும் உண்மை. ஆகவே அனுமதி நிபந்தனையில் 63 ஹெர்ட்ஸ் பட்டைக்கும், முடிந்தால் 31.5-க்கும், படுக்கையறைக்குள் இவ்வளவுதான் இருக்கலாம் என்று தனித்தனி எண் வேண்டும். ஒற்றை எண் போட்ட அறிக்கையை நான் திருப்பி அனுப்பிவிடுவேன்.

63 ஹெர்ட்ஸில் ஒரு அலையின் நீளம் ஐந்தரை மீட்டருக்குக் கொஞ்சம் குறைவு. அதைப் பஞ்சு ஒட்டி நிறுத்த முடியாது. ஸ்டுடியோச் சுவர்களில் ஒட்டும் அந்த முட்டைத்தட்டு நுரைப் பலகையை வாங்கிக் காசைக் கரியாக்குகிறவர்களை வருடா வருடம் பார்க்கிறேன். அது அறைக்குள் எதிரொலியைக் குறைக்கும், வெளியே போகும் பேஸை ஒன்றும் செய்யாது. பேஸை நிறுத்துவது எடையும் இடைவெளியும். சுவரின் எடையை இரட்டித்தால் ஐந்தாறு டெசிபல் குறையும், அவ்வளவுதான். சாதாரண இரட்டைக் கண்ணாடி ஜன்னலில் இரண்டு கண்ணாடிக்கும் நடுவே விரற்கடை இடைவெளிதான் இருக்கும். தாழ்ந்த சுருதியில் இரண்டும் சேர்ந்து அதிர்ந்து, சில சமயம் ஒற்றைக் கனக் கண்ணாடியைவிட மோசமாக நடந்துகொள்ளும். சாண் அளவு இடைவெளி விட்டு உள்ளே இன்னொரு ஜன்னல் போட்டால்தான் பலன் தெரியும். அதைவிட நல்லது, கூடத்தைப் பார்த்த பக்கம் மூடிய பால்கனி வைப்பது: வெளியே ஒரு கண்ணாடி, நடுவே ஆள் நிற்கும் இடம், உள்ளே இன்னொரு கண்ணாடி. எல்லாவற்றையும்விடச் செலவில்லாதது வரைபடத்தைத் திருப்பிப் போடுவது. படுக்கையறைகள் மறுபக்கம், லிஃப்டும் படிக்கட்டும் சமையலறையும் கூடத்தின் பக்கம். வரைபடம் பென்சிலில் இருக்கும்போது இதற்கு ஒரு காசு செலவில்லை. கான்கிரீட் போட்ட பிறகு இது நடக்கவே நடக்காது.

அப்புறம் ஜன்னல் திறப்பது. எவ்வளவு நல்ல கண்ணாடி போட்டாலும், கொஞ்சம் திறந்த ஜன்னல் 10 முதல் 15 டெசிபலுக்கு மேல் தடுக்காது. ஆகவே மூடிய ஜன்னலோடு வாழும் அளவுக்குக் காற்றோட்டமும் குளிர்ச்சியும் இயந்திரத்தில் வர வேண்டும். இது நிபந்தனையில் இல்லையென்றால் மற்ற செலவெல்லாம் வீண்.

உயரமான கட்டடங்களுக்கே உரிய ஒரு விஷயம் உண்டு. பழைய இசைக்கூடங்களின் சுவர் பெரும்பாலும் கனமான செங்கல். கூரைதான் நோஞ்சான், தகரமோ மரமோ. இத்தனை நாள் அது பிரச்சினையாகவே இல்லை, ஏனென்றால் மேலே யாரும் இல்லை, ஒலி வானத்துக்குப் போனது. இப்போது வானத்தில் பத்தாவது மாடி இருக்கிறது. தெருமட்டத்தில் எழுப்பும் தடுப்புச் சுவர் இரண்டாம் மாடி வரை காப்பாற்றும், அதற்கு மேல் இருப்பவர் சுவரைத் தாண்டி நேராகக் கூரையைப் பார்க்கிறார். ஆகவே கட்டுநரிடம் கேட்க வேண்டியது அவருடைய கண்ணாடியை மட்டுமில்லை. உங்கள் கூரைக்கு மேல் இன்னொரு கனமான கூரை போட அவர் பணம் தரலாம். நானூறு வீட்டு ஜன்னல்களை மாற்றுவதைவிட ஒரு கூரையை மாற்றுவது மலிவு என்று கணக்குப் போட்டுக் காட்டியதும் கட்டுநரின் முகம் மலர்ந்ததைப் பார்த்திருக்கிறேன். கூடத்துக்காரருக்குத்தான் பயம், அடுத்தவன் பணத்தில் நம் கூரையா என்று. வாங்கிக்கொள்ளுங்கள். கூடவே பராமரிப்பு யாருடையது என்பதையும் எழுதி வாங்குங்கள்.

உங்கள் பக்கத்திலும் வேலை இருக்கிறது. என் அனுபவத்தில் புகார்களில் பெரும்பங்கு பாட்டைப் பற்றியதே இல்லை. கதவு திறக்கும்போது வெடித்து வரும் ஒலி, ஒரு மணிக்கு மேல் வாசலில் நின்று சிரிக்கும் கூட்டம், இரண்டரை மணிக்கு வண்டியில் ஏறும் பெட்டிகள். வாசலில் இரண்டு கதவுக்கு நடுவே ஒரு சின்ன முன்னறை வையுங்கள். புகைக்கும் இடத்தைக் கோபுரத்தின் எதிர்ப்பக்கம் கொண்டுபோங்கள். பொருள் ஏற்றுவதைக் காலைக்குத் தள்ளுங்கள். தூக்கம் ஆடம்பரம் இல்லை. மேலே கைக்குழந்தையோடு இருப்பவர் உங்கள் எதிரியும் இல்லை. இதைச் சொன்னால் இசைக்காரர்கள் என்னை முறைப்பார்கள், பரவாயில்லை.

ஒரு தனிக் கூடமாக இல்லாமல் ஒரு தெருவே இசைக்கூடங்களாக இருந்தால் பகுதியாகவே அறிவிப்பது நல்ல வழி. பிரிஸ்பேனில் ஃபோர்டிட்யூட் வேலியை 2006-ல் சிறப்புக் கேளிக்கைப் பகுதி ஆக்கினார்கள். அந்த எல்லைக்குள் கூடங்களுக்கு ஓர் ஒலி வரம்பு, புதிய குடியிருப்புகளுக்கு ஓர் ஒலித்தடுப்புத் தரம், இரண்டும் முன்கூட்டியே தெரியும். ஒவ்வொரு கோபுரத்துக்கும் புதிதாகச் சண்டை போட வேண்டியதில்லை. இரவுத் தொழில்களுக்கும் நகர நிர்வாகத்துக்கும் நடுவே பேச இரவு மேயர் என்று ஒருவரை வைப்பதும் இப்போது பரவியிருக்கிறது; ஆம்ஸ்டர்டாமில் 2012-ல் பொறுப்பேற்ற மிரிக் மிலன் அதற்கு உலகப் பெயர் வாங்கித் தந்தார். நல்ல விஷயம்தான். ஆனால் கையெழுத்துப் போடும் அதிகாரம் இல்லாத மேயரிடம் நிறைய எதிர்பார்க்க வேண்டாம்.

இதுவரை சொன்னதெல்லாம் சத்தத்தைப் பற்றி. நீங்கள் கேட்டதும் அதைத்தான். நீங்கள் கேட்காததுதான் எனக்குக் கவலை: கட்டடம் யாருடையது?

பக்கத்து மனையில் கோபுரம் வந்தால், உங்கள் கூடம் நிற்கும் மண்ணும் கோபுர விலைக்கு உயர்கிறது. சொந்தக்காரருக்கு உங்கள் வாடகை அன்றிலிருந்து சில்லறையாகத் தெரியும். குத்தகைப் பத்திரத்தை எடுத்து, இடித்துக் கட்டுவதாக இருந்தால் இத்தனை மாத நோட்டீஸில் வெளியேற்றலாம் என்று ஒரு பிரிவு இருக்கிறதா என்று இன்றே பாருங்கள். அந்தப் பிரிவு இருந்தால் நான் மேலே சொன்ன ஒலிப் பாத்தியம், கூரை எல்லாமே இன்னொருவர் வீட்டுக்கு வெள்ளையடிப்பது மாதிரி. பிரிட்டனில் சிறிய இசைக்கூடங்களுக்காக 2014-லிருந்து இயங்கும் மியூசிக் வென்யூ டிரஸ்டின் கணக்கில், அத்தகைய கூடங்களில் பத்தில் ஒன்பதுக்கு மேல் குத்தகையில் இருப்பவை. 2023-ல் மட்டும் 125 கூடங்கள் நேரடி இசையை இழந்தன. அந்த வருடம் இந்தத் துறையின் லாப விகிதம் 0.5 சதவீதம். நூறு ரூபாய் வரவில் ஐம்பது காசு மிஞ்சும் தொழில், கோபுர மனையின் விலையோடு எப்படிப் போட்டி போடும்?

சியாட்டில் நகரில் ஷோபாக்ஸ் என்று 1939-ல் திறந்த அரங்கு. 2018-ல் அந்த மனையில் 44 மாடிக் கட்டடம் வரப்போகிறது என்று தெரிந்ததும் ரசிகர்கள் திரண்டார்கள், இசைக்கலைஞர்கள் கையெழுத்திட்டார்கள். நகர மன்றம் அவசர அவசரமாகப் பக்கத்துச் சந்தையின் பாரம்பரிய எல்லையை இந்த ஒரு மனைக்காக நீட்டியது. சொந்தக்காரர் வழக்குப் போட்டார். ஒரே ஒரு மனையைக் குறிவைத்து மண்டலத்தை மாற்றியது செல்லாது என்று 2019-ல் நகரம் தோற்றது. அதே வருடம் கட்டடத்துக்கு நினைவுச்சின்னத் தகுதி கிடைத்தது, அரங்கும் இன்னும் நடக்கிறது. ஆனால் அந்தத் தகுதியைப் பற்றி யாரும் மயங்க வேண்டாம். பொதுவாகப் பாரம்பரியப் பட்டியல் காப்பது கட்டடத்தை, உள்ளே நடப்பதை இல்லை. மேடை இருந்த இடத்தில் துணிக்கடை வந்தாலும் முகப்பு அப்படியேதான் இருக்கும்.

நடப்பதைக் காக்க நியூயார்க் ஒரு வழி கண்டுபிடித்தது, அதுவும் பட்ட பிறகுதான். 1982-ல் ஒரு ஹோட்டலுக்காக பிராட்வேயில் ஐந்து நாடக அரங்குகளை இடித்தார்கள். அந்தக் கோபத்தில்தான் பின்னால் பல அரங்குகள் பாரம்பரியப் பட்டியலில் ஏறின. 1998-ல் இன்னொரு ஏற்பாடு வந்தது: அரங்கின் தலைக்கு மேல் கட்டாமல் விட்ட மாடிகளின் உரிமையை, நாடகப் பகுதிக்குள் இருக்கும் வேறு மனைக்கு விற்கலாம். விற்கிற அரங்கு தொடர்ந்து அரங்காகவே இருக்க வேண்டும் என்று உறுதி எழுதிக் கொடுக்க வேண்டும். சொந்தக்காரருக்குக் கோபுரத்தின் காசு கிடைக்கிறது, கோபுரம் பக்கத்துத் தெருவில் நிற்கிறது, அரங்கு அரங்காக இருக்கிறது. கட்டும் உரிமையை மாற்றித் தரும் விதி பல நகரங்களில் ஏற்கனவே இருக்கிறது. இசைக்கூடங்களை அந்தப் பட்டியலில் சேர்க்க யாரும் கேட்பதில்லை, அவ்வளவுதான்.

இதைவிட நேரான வழி, வாங்கிவிடுவது. பெர்லினில் பார் 25 என்ற கிளப் 2010-ல் ஆற்றங்கரை இடத்தைக் காலி செய்தது. அதன் ஆட்கள் கூட்டுறவாகச் சேர்ந்து, சுவிட்சர்லாந்தின் ஓர் ஓய்வூதிய அறக்கட்டளையை அந்த மனையை வாங்க வைத்து, நீண்டகாலக் குத்தகைக்கு எடுத்துத் திரும்பி வந்தார்கள். இன்று அது ஹோல்ட்ஸ்மார்க்ட். மெல்போர்னில் 2023-ல் தி டோட் என்ற பழைய இசை விடுதியை வாங்க ரசிகர்கள் 30 லட்சம் ஆஸ்திரேலிய டாலர் திரட்டினார்கள். அதே வருடம் பிரிட்டனில் பொதுமக்களிடம் பங்கு விற்ற பணத்தில் ஆதர்டன் ஊரின் தி ஸ்னக் என்ற சின்னக் கூடம் முதலாவதாக வாங்கப்பட்டது. வாங்கும் அளவுக்கு வசதியில்லையென்றால் வரிச் சலுகை கேளுங்கள்: 1942 முதல் இசை நடக்கும் லண்டனின் 100 கிளப்புக்கு 2020-ல் உள்ளூர் நிர்வாகம் வணிக வரியை முழுதாகவே தள்ளுபடி செய்தது. இதற்கெல்லாம் முதலில் உங்களைக் கலாச்சார இடம் என்று ஒத்துக்கொள்ள வேண்டும். ஜெர்மனியில் கட்டடப் பயன்பாட்டு விதிகள் கிளப்பையும் சூதாட்ட விடுதியையும் ஒரே வகையில்தான் வைத்திருந்தன. அதை மாற்றச் சொல்லி 2021-ல் நாடாளுமன்றமே தீர்மானம் போட வேண்டியிருந்தது.

"கோபுரத்துக்குள்ளேயே புதிதாக ஒரு கூடம் கட்டித் தருகிறோம்" என்பார்கள். கேட்க இனிப்பாக இருக்கும். லண்டனில் டென்மார்க் தெருவை ஒட்டி 2022-ல் நிலத்தடியில் 2,000 பேர் கொள்ளும் அரங்கு வந்தது, நல்ல அரங்கு. 2009-ல் ரயில் பணிக்காக இடித்த அஸ்டோரியாவும் அதே அளவுதான். ஆனால் 2015-ல் அந்தத் தெருவில் மூடப்பட்ட 12 பார் கிளப் நூற்றுச் சொச்சம் பேர் நிற்கும் பொந்து. முதல் கச்சேரி செய்கிறவர் 2,000 பேர் அரங்கில் தொடங்குவதில்லை. புதுக் கூடம் தருகிறேன் என்றால் எத்தனை பேருக்கு, என்ன வாடகைக்கு, எத்தனை வருடத்துக்கு என்று கேளுங்கள். பழையதை மூடும் முன்பே புதியது திறக்குமா என்றும் கேளுங்கள். குடியிருப்பின் அடிமாடியில் கூடம் என்றால் தரை, சுவர், கூரை மூன்றும் கட்டடத்தைத் தொடாமல் ரப்பர் மீது நிற்கும் பெட்டிக்குள் பெட்டியாக இருக்க வேண்டும். இல்லையென்றால் பேஸ் தூண் வழியாகவே பத்து மாடி ஏறும்.

இனி நீங்கள் இந்த வாரம் செய்ய வேண்டியது. விண்ணப்பத்தோடு கட்டுநரின் ஒலி அறிக்கை இருக்கும், வாங்கிப் படியுங்கள். அளந்த தேதியையும் நேரத்தையும் பாருங்கள். ஒரு முறை என் கைக்கு வந்த அறிக்கையில் "பக்கத்து இசைக்கூடத்தால் குறிப்பிடத்தக்க ஒலி இல்லை" என்றிருந்தது. தேதியைப் பார்த்தால் செவ்வாய்க்கிழமை, கூடத்துக்கு வார விடுமுறை. அப்படி இருந்தால் எழுத்தில் ஆட்சேபம் கொடுத்து, சனிக்கிழமை இரவு மீண்டும் அளக்கச் சொல்லுங்கள். நீங்களும் தனியாக ஒருவரை வைத்து அளந்துகொள்ளுங்கள், தரைமட்டத்தில் மட்டுமில்லாமல் படுக்கையறை வரப்போகும் உயரத்திலும். அன்று பதிவாகும் எண்தான் நாளைக்குப் பத்திரத்தில் உங்கள் உரிமையின் அளவாக ஏறும். அதனால் அளக்க வருகிற ராத்திரி, மரியாதைக்காகக்கூட டிஜேயை அடக்கி வாசிக்கச் சொல்லாதீர்கள்.